எந்தப் பக்கம் சுடுது?

நண்பா,

மூன்று திருகுகள் கழன்றுவிட்டன. நான்காவது அடம்பிடிக்கிறது. அதன் தலை மழுங்கிப் போயிருக்கிறது. மற்ற மூன்றும் பெட்டியோடு வந்தவை. இது மட்டும் உன் கடை டப்பாவிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஊற வைத்திருக்கிறேன். ஊறுகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மேசைமேல் இருப்பது ரேவதி அக்கா தறியின் பெட்டி. தறிக்கு மேலே இருக்கிற எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு, எந்த வரியில் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்குமே, அந்தப் பெட்டி. அவர் இப்போது இன்னும் அகலமான டிசைன்களுக்காகப் புதுசு வாங்கிவிட்டார். நேற்றுக் காலை போன் செய்தார். "உங்க கூட்டாளி கை வெச்ச பொட்டி தம்பி. காயலான் கடைக்குப் போட மனசு வரல. வந்து எடுத்துகினு போங்க" என்றார். போனேன். தறிமேல் இருந்து இறக்கியபோது பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மெழுகுப் பொட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ஆனாலும் உன் கடை ஞாபகம் வந்துவிட்டது. காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ், ஈயப் புகை, கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தி எல்லாம் சேர்ந்த அந்த மூச்சடைக்கிற நெடி. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும் திறந்து பார்க்கக் கை பரபரக்கிறது. இந்தப் பரபரப்பு உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம் நீ ஐ.டி.ஐ. பக்கம் போனாய், நான் இயற்பியல் படித்து, ஆராய்ச்சி என்று வேலூருக்குப் பஸ் ஏறினேன். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்தாய். தறிகளுக்கு எலக்ட்ரானிக் பெட்டி வந்ததும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதையும் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டாய். சேத்துப்பட்டிலிருந்துகூடப் பெட்டியைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடி வருவார்கள். நான் சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டுக்குப் போவதற்கு முன் உன் கடை ஸ்டூல்தான். "வாங்க புரொபசரு, குந்துங்க" என்பாய். நான் அப்போது வெறும் ஆராய்ச்சி மாணவன். அந்தக் கேலியில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

நம்மூர்ப் பக்கத்துத் திருமலை சமணக் குகைக்கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பைக்கில் போனோமே, அன்றைக்குத்தான் சூட்டைப் பற்றி முதலில் பேசினோம். மத்தியான வெயில். ஏறுகிற வழியில் நீ நின்றுவிட்டாய். புறங்கையைப் பாறைமேல் வைத்தாய்; பிறகு பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியில் வைத்துச் சட்டென்று எடுத்தாய். மறுபடி பாறை, மறுபடி கம்பி. பின்னால் வந்த ஒரு குடும்பம் வழி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"டேய், ரெண்டும் ஒரே வெயில்லதான கீது? கம்பி மட்டும் ஏன்டா கடிக்குது?"

கம்பிக்குள் இருக்கிற சூடு வேகமாக உன் கைக்கு ஓடி வருகிறது, பாறைக்குள் இருப்பது மெதுவாக வருகிறது, கைக்குத் தெரிவது அந்த வேகம்தான் என்றேன். நீ நம்பவில்லை. குகைக்குள் போய், நிழலில் இருந்த கல்லையும் இரும்புக் கதவையும் தொட்டுப் பார்த்தாய். அங்கே இரும்புதான் ஜில்லென்று இருந்தது. நீ சிரித்த சிரிப்பில் காவலுக்கு இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அப்போ அது சூட்ட குடுக்கவும் குடுக்குது, புடுங்கவும் புடுங்குது" என்றாய். நான் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்கப் படித்ததை நீ இரண்டு தடவை கை வைத்து வாங்கிக்கொண்டாய்.

இறங்கும்போது உன் தொல்லையைச் சொன்னாய். பெட்டிக்குள் இருக்கிற சிப்புகள் சுடுகின்றன. ஃபேன் போட்டால் ஒரே வாரத்தில் பட்டுப் பிசிறு வந்து அடைத்துக்கொள்கிறது. ஓட்டை விட்டால் பல்லி புகுந்து போர்டோடு சேர்ந்து தானும் எரிந்துபோகிறது. அதனால் மூடித்தான் வைக்க வேண்டும். மூடினால் தகரக் கொட்டகையின் சித்திரை வெயிலில் பெட்டி மத்தியானம் மயங்கி விழுகிறது. சிப்புக்கும் பெட்டியின் அலுமினிய அடித்தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டை வைப்பார்கள். சூடு அதன் வழியாக வெளியே போக வேண்டும். நல்ல பட்டை விலை அதிகம். மலிவானது வெறும் ரப்பர். சூட்டை வழியிலேயே நிறுத்திவிடும்.

"உன் காலேஜ்ல இன்னாடா பண்றே?" என்று கேட்டாய்.

நான் அப்போது அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்றால் உன்னால் நம்ப முடியவில்லை. பாலிமர் சூட்டைக் கடத்தாது. அதற்குள் சூட்டை நன்றாகக் கடத்துகிற நானோ தாள்களைக் கலந்தால் கடத்தும். அந்தத் தாள்கள் எவ்வளவு மெல்லியவை என்று கேட்டாய். ஆயிரம் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு பட்டு இழையின் தடிமன் வராது என்றேன். நீ பைக்கை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாய். "எங்க, மறுபடி சொல்லு" என்றாய்.

முதலில் கொண்டுவந்தது கறுப்புப் படலம், கிராஃபீன் கலந்தது. நீ தொட்டுக்கூடப் பார்க்காமல் மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் அதன்மேல் வைத்தாய். அது பீப் என்று கத்தியது. "கரண்டும் சேந்து ஓடுது. இத வெச்சா பொட்டி அன்னிக்கே கைலாசம்" என்றாய். சூடு போக வேண்டும், கரண்ட் போகக் கூடாது என்றால் வேறு தாள் வேண்டும் என்றேன். "உனக்கு ரொம்பத்தான் பேராசை" என்றாய். இரண்டு மாதம் கழித்து வெள்ளைப் படலத்தோடு வந்தேன். போரான் நைட்ரைடு தாள்கள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. உன் முகம் மலர்ந்தது.

தூளை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போடக் கூடாதா, இன்னும் நன்றாகக் கடத்துமே என்று கேட்டாய். போடலாம், ஆனால் ஒரு அளவுக்கு மேல் போட்டால் ரப்பர் ரப்பராக இருக்காது, பொறபொறவென்று உதிர்ந்துவிடும். குறைத்தால் தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ரப்பர் புகுந்துகொண்டு சூட்டை மறிக்கும். ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளைத் தொட வேண்டும். அதுதான் சூத்திரம் என்று பெருமையாக விளக்கினேன். நீ படலத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "பட்டு கணக்கா மின்னுது" என்றாய்.

மின்னாமல் என்ன செய்யும்? நான் யார் வீட்டுப் பிள்ளை? எங்கள் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, ஒரே திசையில் நீவிக்கொண்டே போவோம். ஒரு இழை எழும்பி நின்றாலும் அப்பா திரும்பி வரச் சொல்வார். பள்ளிக்கு நேரமானாலும் சரி, நீவி முடிக்காமல் விடமாட்டார். அந்தக் கைதான் ஆய்வுக்கூடத்துக்கும் போனது. கண்ணாடித் தட்டில் கலவையை ஊற்றி, தகட்டால் இழுத்து, மறுபடி அதே திசையில் இழுத்து, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் பளபளவென்று வரும்வரை எனக்கு மனசு ஆறாது. கூடப் படிக்கிறவர்கள் இரண்டு தடவை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். என் படலத்தைப் பார்த்துவிட்டு, "நெசவாளி வீட்டுக் கை" என்று எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் எல்லாரிடமும் காட்டினார். கடத்தும் அளவும் கருவியில் நன்றாக வந்தது. ஒரே ஒரு எண். அந்த எண்மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது.

ரேவதி அக்காவின் பெட்டி வந்தது அந்தச் சித்திரையில்தான். மத்தியானம் ஆனால் நின்றுவிடுகிறது என்றார். தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. முந்தியில் ஜோடி அன்னம். நீ என் படலத்தைத் தேவையான தடிமனுக்கு அடுக்கி, வெட்டி, சிப்புக்கு அடியில் வைத்தாய். "என் கூட்டாளி செஞ்சதுங்கக்கா. காலேஜ்ல டெஸ்ட் பண்ணது. நான் கேரண்டி" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லியிருக்க வேண்டாம். நான் அதைக் கேட்டு நெளிந்திருக்க வேண்டும், நெஞ்சை நிமிர்த்தினேன்.

மூன்றாவது நாள் பெட்டி நிற்கவில்லை. நின்றிருந்தால் தேவலாம். சூட்டில் புத்தி பிசகி, தூக்க வேண்டிய இழையை விட்டு வேறு இழையைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா கவனிப்பதற்குள் ஒரு சாண் நீளம் நெய்தாகிவிட்டது. அன்னத்துக்குக் கழுத்து இல்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஜரிகை கன்னாபின்னாவென்று கிடந்தது. ஒரு சாண் ஜரிகை வேலையைப் பிரிப்பது என்ன கொடுமை என்று உனக்கும் எனக்கும் தெரியும். இழை அறுந்தால் போச்சு. முகூர்த்தமோ கிட்டத்தில்.

நாம் இரண்டு பேரும் போய் நின்றோம். அக்கா எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாத்த வெச்சே நீ? கேரண்டின்னியே! இந்தப் பேஜாருக்கு உன்கிட்ட குடுக்காமயே இருந்திருக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். ஆனால் அடுத்த வாரம் அந்த எண்ணை வைத்துத்தான் நான் கல்லூரியில் அறிக்கை தர வேண்டும். அது ஞாபகம் வந்து வாய் அப்படியே நின்றுவிட்டது. நீ என்னைப் பார்க்கவே இல்லை. "என் தப்புதாங்கக்கா. பட்டைய சரியா வெக்கல. திருவு லூசா விட்டுட்டேன்" என்றாய். நீயாவது திருகை லூசாக விடுவதாவது! ஊரில் யார் நம்பினாலும் நான் நம்ப முடியாத பொய் அது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இன்றுவரை எனக்கு அதை நினைத்தால் காது சுடுகிறது.

அக்கா திட்டிக்கொண்டே இருந்தார். நீ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நீ குனிந்து, தறியில் நெய்த புடவை சுற்றியிருக்கும் உருளையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். திட்டு விழ விழ இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாய். அக்காவுக்கு இன்னும் கோபம். "நான் பேசிகினு கீறேன், அங்க இன்னா வேடிக்கை?"

தெருவில் வந்ததும் கேட்டாய். "உன் தாளுங்க அந்த ரப்பருக்குள்ள எப்டி கீது? படுத்துகினு கீதா, நின்னுகினு கீதா?"

படுத்துக்கொண்டுதான் இருக்கும் என்றேன். ஒரே திசையில் இழுத்து இழுத்துப் பூசினால் எல்லாத் தாளும் தரையில் விரித்த பாய்போலப் படுத்துவிடும். சொல்லும்போதே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்தத் தாளின் நீளவாக்கில்தான் சூடு ஓடும். குறுக்கே ஒவ்வொரு தாளாகத் தாண்டி ரப்பரில் முட்டி முட்டித்தான் போகும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எங்கள் கருவி படலத்தின் நீளவாக்கில் அளந்தது. உன் சிப்புக்கு வேண்டியதோ குறுக்கே, மேலிருந்து கீழே. அந்த எண் பொய் இல்லை. அது வேறு கேள்விக்கு வந்த பதில்.

"நம்பர் சொல்றியே, எந்தப் பக்கம்னு சொன்னியா?" என்றாய். அவ்வளவுதான்.

ஆனால் நீ யார் சொன்னதையும் கை வைக்காமல் ஒப்புக்கொள்கிறவன் இல்லையே. கடைக்கு வந்ததும் மீதிப் படலங்களை அடுக்கி ஒட்டி, கட்டைவிரல் அளவு சதுரக் கட்டியாக இரண்டு வெட்டினாய். வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்து, சுடவைத்தாய். ஒரு கட்டியை அடுக்குகள் படுத்திருக்கிற மாதிரியும் இன்னொன்றை அடுக்குகள் நிற்கிற மாதிரியும் அதன்மேல் வைத்தாய். இரண்டின் தலையிலும் மெழுகுவத்தியைச் சாய்த்து ஒவ்வொரு சொட்டு விட்டாய். மெழுகு வெள்ளையாக உறைந்தது. இரண்டு பேரும் மூக்கு சுடுகிற அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒருத்தர் மோட்டாரோடு வந்து நின்றார். "அப்பால வாங்கண்ணா" என்று திரும்பாமலே அனுப்பினாய்.

நிற்கிற கட்டியின் மெழுகு முதலில் கண்ணாடியாகி வழிந்தது. படுத்திருக்கிற கட்டியின் மெழுகு அப்போதும் வெள்ளையாகவே குந்திக்கொண்டிருந்தது. கட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாய். அப்போதும் அப்படித்தான். ஒரே கலவை, ஒரே சூடு, ஒரே உயரம். என் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிற அந்த விலையுயர்ந்த கருவியால் எனக்கு உறைக்க வைக்க முடியாததை ஒரு சொட்டு மெழுகு உறைக்க வைத்தது.

"இன்னிக்கி தறிகிட்ட இன்னா பாத்தேன் தெரியுமா?" என்றாய். "சுத்தி வெச்ச பொடவைய ஓரத்துலேர்ந்து பாரு. விரிச்சா படுத்துகினு கீற துணி, அங்க நின்னுகினு கீது."

எனக்குப் பிடிபட இரண்டு நிமிஷம் ஆனது. படலத்தைப் புடவைபோல உருளையாகச் சுற்றிவிட்டு, வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரிக் குறுக்கே நறுக்கினால், ஒவ்வொரு வில்லையிலும் தாள்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். சூடு மேலிருந்து கீழே நேராக இறங்கும். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இப்படிச் சுருட்டி வெட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். உன்னிடம் சொன்னபோது, "பாத்தியா, அவங்களுக்கும் யாரோ திட்டு குடுத்துகிறாங்க" என்றாய்.

நறுக்குவது சுலபமாக இல்லை. கத்தி பட்டதும் ரப்பர் நசுங்கி, வெட்டிய முகத்தில் தாள்கள் மறுபடி படுத்துக்கொண்டன. சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொரு வில்லைக்கும் புது பிளேடு போட்டு வெட்டினோம். முகம் சொரசொரவென்று இருந்தது. சொரசொரப்பில் காற்று தங்கும். காற்று ரப்பரைவிட மோசம். அதற்கு இரண்டு பக்கமும் சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினோம். பளபளப்பே இல்லாத, பார்க்க அசிங்கமான ஒரு பட்டை. என் அப்பா பார்த்திருந்தால் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார். நீ அதன் ஓரத்தில் பேனாவால் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டாய். "மறந்துட்டு எவனாவது திருப்பி வெச்சிடுவான்" என்றாய்.

ரேவதி அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி, "இது ஒண்ணு, இதுக்கு அப்பால கேக்க மாட்டேன்" என்று சொல்லிப் பெட்டியில் வைத்தாய். அந்தச் சித்திரை முழுக்க அது நிற்கவில்லை. அதன் பிறகும் நிற்கவில்லை. அக்கா அந்தப் புடவையை எப்படியோ பிரித்து நெய்து நேரத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் தெரு முழுக்க, "அவன் திருகுகூட முடுக்க மாட்டான்" என்ற பேச்சுப் போய்விட்டிருந்தது. ஆடி வரைக்கும் உன் கடைக்கு ஒரு பெட்டியும் வரவில்லை. நீ மறுபடி மிக்ஸி மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தாய்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். நீ காயிலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்னுது ஒரு நம்பர் தப்புன்னா, நீ சொல்ற எல்லா நம்பரும் தப்புன்னுவாங்க. எனக்கு இன்னா, ஒரு பொட்டி போனா அடுத்த பொட்டி. நீ ரிப்போர்ட்டுல எந்தப் பக்கம்னு எழுது, போதும்." எழுதினேன். நீளவாக்கில் ஒரு எண், குறுக்கே ஒரு எண். இரண்டாவது எண் வெட்கக்கேடாக இருந்தது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "இதுதான் ஆராய்ச்சி" என்றார். அதற்கான பாராட்டு எனக்குக் கிடைத்தது. திருகு முடுக்கத் தெரியாதவன் என்ற பேர் உன்னிடமே இருந்தது.

அப்புறம் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அக்காவிடம் போய்ச் சொல்கிறேன், சொல்கிறேன் என்று மனசுக்குள் நாள் கடத்தினேன். ஒரு தடவை, அந்த மீதிப் பளபளப்புப் படலத்தை என்ன செய்தாய், தூக்கிப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். "எங்கியாவது கெடக்கும்" என்றாய். பிறகு ஐப்பசியில் ஒரு விடிகாலை உனக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் வேலூரில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உன்னை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். உன் விரல் நுனிகளில் வார்னிஷ் கறை அப்படியே இருந்தது. உன் புறங்கையைத் தொட்டேன்.

நேற்று அக்கா பெட்டியைத் துணியால் துடைத்துக் கொடுக்கும்போது, "நல்ல மனுசன். அந்த ஒரு தபா தான் திருவ கோட்ட விட்டுட்டாரு" என்றார். இனிமேலும் தாங்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அவன் திருகு சரியாகத்தான் இருந்தது அக்கா, தப்பு என் படலம், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"இத அவரு உசுரோட கீறப்ப சொல்லியிருக்கலாமே தம்பி."

தலையாட்டினேன்.

"நான் எத்தினி பேர்கிட்ட சொல்லி வெச்சேன் தெரியுமா? கண்ணுசாமி வீதி பூரா சொன்னேன். இப்போ அத்தினி பேர்கிட்டயும் போயி இல்லன்னு சொல்லணும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் போயி சொல்றேன். நீங்களும் கூட வாங்க" என்றார். போனோம். ஏழு வீடு. இரண்டு வீட்டில் உன்னைச் சரியாக ஞாபகம்கூட இல்லை. ஆனாலும் அக்கா விடவில்லை, முதலிலிருந்து சொல்லி ஞாபகப்படுத்தி, அப்புறம் இல்லை என்றார். ஒவ்வொரு வாசலிலும் நான், "ஆமாங்க, என் தப்புதான்" என்றேன். நீ அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. ஏழாவது வாசலில் அது கொஞ்சம் சுலபமாக வந்தது.

எண்ணெய் ஊறிவிட்டது. இரு, வருகிறேன்.

திருகு வந்துவிட்டது. மூடியையும் திறந்துவிட்டேன். விரலில் எண்ணெய் வழுக்குவதால் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள்.

சிப்புக்கு அடியில் நாம் நறுக்கிய அந்த அசிங்கமான பட்டை இருக்கிறது. ஓரத்தில் உன் அம்புக்குறி, கீழ்நோக்கி. அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூடியைத் திருப்பி மேசைமேல் வைக்கப் போனேன். உள்பக்கம் என்னவோ வெளிச்சத்தில் பளிச்சென்றது.

என் படலம். அந்தப் பளபளப்புப் படலம். சிப்புகளுக்கு நேர் மேலே தொடங்கி, மூடியின் இரண்டு ஓரம் வரைக்கும் ஒட்டியிருக்கிறாய். ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. கட்டைவிரலால் ஒரே திசையில் நீவி நீவி ஒட்டியிருக்க வேண்டும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகிற மாதிரிப் பேனாவால் இரண்டு அம்புக்குறி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சுடவைத்தேன். அதன் முனையை மூடியின் நடுவில், வெளிப்பக்கமாகத் தொட வைத்தேன். உள்ளே, படலத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு மெழுகு. படலம் இல்லாத இடத்தில், அதே தூரத்தில், இன்னொரு சொட்டு. மூடி பிளாஸ்டிக். படலத்தின் மேல் இருந்த சொட்டு உருகி வழிந்து, உன் வலப்பக்க அம்புக்குறியின் மேல் ஓடியது. மற்றது அசையவில்லை. சிப்புகளுக்கு மேலே மூடியில் தேங்குகிற சூட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய் ஓரத்து அலுமினியச் சட்டத்தில் விட்டிருக்கிறாய். கீழே இறங்க வேண்டிய சூட்டுக்கு நிற்கிற தாள். பக்கத்தில் ஓட வேண்டிய சூட்டுக்குப் படுத்த தாள். உன் பேரைக் கெடுத்த படலத்துக்கே ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிட்டு, "எங்கியாவது கெடக்கும்" என்று சொல்லியிருக்கிறாய். திருடா! இது உனக்கு எப்போது தோன்றியது? திட்டு வாங்கும்போதா, மெழுகைப் பார்க்கும்போதா, மிக்ஸி காயில் கட்டிக்கொண்டிருந்த அந்த ஆடியிலா? எத்தனை டிகிரி இறங்கியது என்று அளந்தாயா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? கேட்பதற்கு நீ இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைக்கிறது.

இப்போது நானே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். யார் என் முன்னால் ஒரு எண்ணைச் சொன்னாலும், அது ஆராய்ச்சி மாணவனாக இருந்தாலும் கம்பெனிக்காரராக இருந்தாலும், முதலில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுகிறேன். என் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அது உன் பேர் என்று அவர்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை போய்ச் சொல்லப் போகிறேன்.

ரேவதி அக்காவுக்குப் போன் போட்டு மூடியைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் தறிச் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மூடிய புதுப் பொட்டிக்கு மாட்ட முடியுமா தம்பி?" என்றார். புதுப் பெட்டியின் அளவைக் கேட்டுக் குறித்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் கூடுதல், இது எட்டாது. புதிதாக ஒரு படலம் இழுக்க வேண்டும். கண்ணாடித் தட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். நாளைக்கு இழுக்கப் போகிறேன், ஒரே திசையில், ஒரு இழைகூட எழும்பாமல், பட்டுபோல மின்னுகிற வரைக்கும். இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்து.